உங்களுக்கு யாரைப் பிடிக்கும்? – கொழும்புப் பயணக் குறிப்புகள்

வெள்ளி

இரவு பஸ் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டபோது காலி வீதி என்ற பிரதான சாலையில் தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில் வசிக்கிறார். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் அவருடைய மகள் என்னைத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சுவர் முழுக்க ஏழு முகங்கள். தென்கொரியாவின் பி.ரி.எஸ். குழு.

“சித்தி, இவர்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?”

எல்லோரையும் பிடிக்கும் என்று சொன்னேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமாம்.

இதே கேள்வியை இவளுடைய அம்மா 1999இல் என்னிடம் கேட்டார். பாட்டியின் செத்தவீட்டுக்காகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தார். போரால் தரைப்பாதை மூடியிருந்த காலம். திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறிக் காங்கேசன்துறைக்கு வர வேண்டும். அவருடைய பையில் துணிகளுக்கு நடுவே ஒரு கசற் இருந்தது. அமெரிக்காவின் பக்ஸ்ட்ரீட் போய்ஸ் குழு அந்த ஆண்டு வெளியிட்ட ‘மிலேனியம்’. உறையில் வெள்ளை உடுப்பில் ஐந்து பேர் நின்றார்கள்.

அதை எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணம் முழுவதும் பழகிக்கொண்ட வழி அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவோம். பின்சில்லோடு டைனமோவை உரசவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர்களை ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தடை நீங்கிய பிறகும் மின்சாரம் ஒழுங்காக வந்து சேரவில்லை; பற்றரிக்குச் செலவழிக்க வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே சைக்கிள்தான். சுற்றுகிறவருக்குக் கை அலுத்தால் கசற் மெதுவாகும். இருபது வயது இளைஞர்கள் ஐவரும் ஒரே நேரத்தில் கிழவர்களாகிவிடுவார்கள். உடனே மற்றவர்கள் கத்துவோம். அடுத்தவர் பெடலைப் பிடிப்பார், பாட்டு மறுபடி இளமைக்குத் திரும்பும். செத்தவீட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லோரும் அந்தச் சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்கா உறையை நீட்டி ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருத்தி பொன்னிற முடிக்காரனைச் சொன்னாள். நான் கெவினைச் சொன்னேன், அதிகம் பேசாதவன் போல் தெரிந்ததால். ஒருவரை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது என்பது எங்களுக்குள் எழுதப்படாத சட்டம்.

கொழும்புக்கு இப்போது வந்திருப்பது இந்தக் கேள்விக்காகத்தான். ரொக் குழுக்களும், ஆங்கிலத்தில் போய் பாண்ட் என்று சொல்லப்படும் பையன்களின் குழுக்களும் எழுபது ஆண்டுகளாக எப்படி நிலைத்து நிற்கின்றன? எத்தனையோ பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்: கம்பனிகளின் பணம், தொலைக்காட்சி, இளவயதின் கிறுக்கு என்று. எனக்கு அவை எதுவும் போதவில்லை. தனிப் பாடகரைப் பிடிக்கும் அல்லது பிடிக்காது, அவ்வளவுதான். குழு என்றால் தெரிவு செய்யலாம். நான் ஒருவரை, என் தோழி இன்னொருவரைத் தெரிவு செய்ததும் மேடைக்குக் கீழேயும் ஒரு குழு பிறந்துவிடுகிறது. மேலே இருக்கும் குழு கலைந்தாலும் கீழே இருக்கும் குழு கலைவதில்லை. இதைத்தான் இந்த நாட்களில் கொழும்பில் பலரிடம் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

சனி

காலையில் சுதந்திர சதுக்கத்துக்குப் போனோம். பக்கத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். வாசலோடு நின்றுவிட்டோம், உள்ளே போக அனுமதி எடுத்திருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாதாரண அரசாங்கக் கட்டடம்தான். ஆனால் தெற்காசியாவில் ஜனரஞ்சக இசையின் கதையை இந்த வானொலியை விட்டுவிட்டு எழுத முடியாது.

கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இங்கிருந்து சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு நடந்தது. போர் முடிந்ததும் அந்தக் கருவிகள் நாட்டுக்குக் கிடைத்தன. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது. 1952இல் இந்திய அரசு தன் வானொலியில் சினிமாப் பாடல்களை ஒதுக்கித் தள்ளியபோது இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் வயதானவர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற அறிவிப்பாளர்களின் பெயர்களைச் சொந்தக்காரர்களின் பெயர்களைப் போல் சொல்வார்கள்.

தமிழர்களாகிய நாம் இந்தக் கதையில் அதிகம் பேசாதது ஆங்கில சேவையைப் பற்றி. எல்விஸ் பிரெஸ்லி 1954இல் மெம்பிஸ் நகரில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் சட்டைப்பைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலியும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. வீட்டுக் கூடத்தில் அப்பாவின் காவலில் இருந்த வானொலி பிள்ளைகளின் கைக்குப் போனது. ரொக் இசை எழுந்ததற்கு இது பாதிக் காரணம் என்று நான் நம்புகிறேன். கொழும்புப் பிள்ளைகளுக்கு அந்த இசையைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த ஆங்கில சேவை. 1960களில் இங்கே கிற்றார் குழுக்கள் முளைத்தன. மிஞ்ஞோன் பெர்னாண்டோவும் ஜெட்லைனர்ஸ் குழுவும் ஆங்கிலப் பாடல்களால் மேடைகளை நிறைத்தார்கள். கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1969இல் மொரட்டுவையில் ஜிப்சீஸ் குழு தொடங்கியது. போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களும் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தில் ரொக் கருவிகளை ஏற்றினார்கள். அதன் பாடகர் சுனில் பெரேரா 2021இல் காலமானபோது எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளிலும் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

தமிழிலும் அது நடந்தது. நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்று கிற்றாரோடு பாடினார். ஏ.ஈ. மனோகரனைப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அழைத்தார்கள். ‘சுராங்கனி’ என்ற அவருடைய பாட்டு கடலைக் கடந்து தமிழ்நாட்டுக்கும் போனது.

அக்காவின் அயல்வீட்டு அங்கிள் அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பொப் குழுவில் கிற்றார் வாசித்தவர். மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டுக் கிற்றாரை நினைத்தும் பார்க்க முடியாது. “மொரட்டுவைத் தச்சரிடம் செய்வித்தேன்,” என்றார். அலுமாரி செய்கிற மனிதர் அது. சரி, பெட்டி வந்துவிட்டது. மின்சாரக் கிற்றாராக மாற்றுவது எப்படி?

அங்கிள் எழுந்துபோய் அந்தக் கிற்றாரையே எடுத்துவந்தார். பலகையின் பின்புறத்தில், கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு நேர் கீழே, சிறிய கறுப்பு வட்டம் ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பழைய தொலைபேசிக் கருவியில் காதில் வைக்கும் பாகத்தின் உள்ளே இருக்கும் துண்டு. காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள், மேலே மெல்லிய தகடு. பலகை அதிர்ந்தால் தகடு அதிரும், சுருளில் மின்னோட்டம் பிறக்கும், அது வயரின் வழியே ஒலிபெருக்கிக்குப் போகும். அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்த கிற்றாரில் காந்தம் இரும்புக் கம்பிகளுக்கு நேர் கீழே இருக்கும். கம்பியின் அதிர்வையே பிடித்துக்கொள்ளும். அடிப்படை ஒன்றுதான். “ஊளையிடும், ஆனால் பின்வரிசை வரைக்கும் கேட்கும்,” என்றார். விரலால் அந்த வட்டத்தைத் தட்டிக் காட்டினார். ஐம்பது வருடமாகியும் பசை விடவில்லை.

உங்கள் குழுவில் ஆட்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். வெட்கப்படாமல் பதில் சொன்னார். பாடகரை எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் கொங்கோ என்ற கைமேளம் வாசித்தவருக்குத்தான் கடிதங்கள் வந்தனவாம். சபையில் யார் யாருடைய பக்கம் என்பது மேடையிலிருந்தே தெரியுமாம்.

பிறகு என்ன நடந்தது என்றும் சொன்னார். 1983 ஜூலைக் கலவரம். பாடகர் குடும்பத்தோடு போனார், கொங்கோக்காரர் இன்னொரு நாட்டுக்குப் போனார். “நாங்கள் போனதை விடு பிள்ளை. கேட்டவர்களும் போய்விட்டார்களே.” ரொரன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்போர்ன். அந்தப் பாடல்கள் இன்று கேட்கப்படுவது அங்கேதான், பிறந்தநாள் விழாக்களில், கல்யாண மண்டபங்களில். மனோகரனும் 2018இல் சென்னையில்தான் காலமானார். ஈழத்துத் தமிழ்ப் பொப்புக்குத் திறமை குறைவாக இருந்தது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். பாட்டு இருந்தது, பாடகர்கள் இருந்தார்கள். ஓர் ஊரில் சேர்ந்து உட்கார்ந்து “உனக்கு யாரைப் பிடிக்கும்” என்று கேட்டுக்கொள்ள ஆட்கள் இல்லாமல் போனார்கள். அதைச் செய்தது இசை அல்ல.

பின்னேரம் பம்பலப்பிட்டிக்கு நடந்தே போனோம். அக்கா கசற் வாங்கிய கடை இப்போது கைத்தொலைபேசி உறைகள் விற்கிறது. முதலாளி அதே முஸ்லிம் நானாதான். முன்பு கொப்பித் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் வெற்றுக் கசற்றில் பதிந்து தருவாராம். “ரொக் கேட்கும் பையன்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் வாராவாரம் வந்து நிற்பார்கள். பெண்பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ஒரு கசற்றை ஐந்து பேர் காசு சேர்த்து வாங்குவார்கள்,” என்றார். அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். எந்தப் பாட்டு என்பது நினைவில்லை, ஆனால் அக்காவோடு வந்த மற்ற நான்கு பேரும் நலமா என்று விசாரித்தார்.

ஞாயிறு

தெஹிவளையில் ஒரு வீட்டின் பின்கட்டு. மாடிப்படிக்குக் கீழே இருந்த களஞ்சிய அறையை ஒத்திகை அறையாக்கியிருக்கிறார்கள். சுவரிலும் கூரையிலும் முட்டை அட்டைகளை நெருக்கமாக ஒட்டியிருக்கிறார்கள், சத்தம் வெளியே போகாதிருக்க. ஆனாலும் போகிறது, இரவு எட்டு மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்று அயலவர்களோடு உடன்பாடு. காற்றாடி ஒன்றுதான் இருந்தது, அதை மனிதர்களுக்கு வைக்காமல் ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்திருந்தார்கள்.

கிற்றார் வாசிக்கும் தம்பி கொட்டாஞ்சேனைத் தமிழர். ட்ரம்ஸ் வாசிப்பவர் சிங்களவர், பாடகர் மலே முஸ்லிம். மூவரும் தங்களுக்குள் பேசுவது மூன்று மொழிகளும் கலந்த ஒரு பேச்சு. வாசிப்பது மெட்டல் இசை, ரொக்கின் இரைச்சல் மிகுந்த, கடினமான வகை. கொழும்பில் இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ரி.என்.எல். வானொலி நடத்திய ஒன்ஸ்டேஜ் போட்டியில் பல இளம் குழுக்கள் வெளியே வந்தன. 1990களின் கடைசியில் தொடங்கிய ஸ்டிக்மாட்டா குழு 2003இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. கண்டியிலிருந்து பரனோய்ட் எர்த்லிங் வந்தது. போர்க் காலத்தில், சோதனைச் சாவடிகளைக் கிற்றார்ப் பெட்டியோடு கடந்து போய் வாசித்த தலைமுறை அது. கிற்றார்ப் பெட்டியின் வடிவம் படையினருக்கு என்ன நினைப்பைத் தரும் என்று தம்பி விளக்க வேண்டியிருக்கவில்லை.

போய் பாண்ட் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அக்கா, அவர்கள் குழுவே இல்லை. யாரோ ஒரு முதலாளி விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கிறார். வாத்தியமும் வாசிப்பதில்லை. நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.”

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. 1966இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக ஆள் சேர்த்து உருவாக்கியதுதான் மங்கீஸ் குழு. பக்ஸ்ட்ரீட் போய்ஸ் 1993இல் ஒர்லாண்டோவில் லூ பேர்ல்மன் என்ற வியாபாரி சேர்த்த குழு. பிரித்தானியாவின் வன் டிரெக்‌ஷன் 2010இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தனித்தனியாகத் தோற்ற ஐந்து பையன்களைச் சேர்த்துக் கட்டியது. அந்தப் போட்டியில் அவர்களுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. புவேர்ட்டோ ரிக்கோவின் மெனூடோ குழுவில் பதினாறு வயதை நெருங்கினால் வெளியே அனுப்பிவிட்டுப் புதுப் பையனை எடுப்பார்கள். ரிக்கி மார்ட்டின் 1984இல் அப்படி உள்ளே வந்தவர்.

ஆனால் தம்பி வணங்குகிற பீற்றில்ஸ்? லிவர்பூல் இரவு விடுதிகளில் தோல் ஜாக்கெட்டோடு ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு ஒரே மாதிரிக் கோட்டுக் கொடுத்து, மேடையில் குனிந்து வணங்கவைத்தவர் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன். முதல் இசைத்தட்டு வருவதற்குச் சற்று முன்னால், 1962 ஓகஸ்டில், ட்ரம்ஸ் வாசித்தவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைக் கொண்டுவந்தார்கள். 1964 பெப்ரவரி 9ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு நியூயோர்க்கின் ஷே அரங்கில் 55,000 பேருக்கு மேல் கூடினார்கள், பெரும்பாலும் பள்ளிச் சிறுமிகள். குழுவின் ஒலிபெருக்கிகள் நூறு வாட் சக்தி உள்ளவை. பிள்ளைகளின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை. 1966 ஓகஸ்டோடு மேடைக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் பெரிய மனிதர்களில் பலர் அவர்களைக் கலைஞர்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். அந்தச் சிறுமிகளுக்கு அது முதலிலேயே தெரியும். ஒருத்திக்கு போல் மக்கார்ட்னி, ஒருத்திக்கு ஜோர்ஜ் ஹரிசன், ஒருத்திக்கு ரிங்கோ. அவர்கள் முதலில் வராவிட்டால் பிறகு வந்த பாராட்டுகளுக்கு ஆளே இருந்திருக்காது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும். இளம்பெண்கள் விரும்பினால் அது அற்பம், அதையே ஆண்கள் இருபது வருடம் கழித்து விரும்பினால் அது இலக்கியம் என்கிற பழக்கம் எனக்குப் பொறுக்காது.

பிறகு மக்ஸ் மார்ட்டினைப் பற்றிச் சொன்னேன். பக்ஸ்ட்ரீட் போய்ஸ் குழுவுக்கு ஸ்டொக்ஹோமில் இருந்த செய்ரொன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு எழுதிக் கொடுத்தவர். அதற்கு முன் அவர் யார்? இட்ஸ் அலைவ் என்ற ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழுவின் பாடகர்.

தம்பிக்கு அது புதிய செய்தி. கிற்றாரை மடியில் இழுத்து, 1999இல் உலகம் முழுக்க ஓடிய, பக்ஸ்ட்ரீட் போய்ஸின் ‘ஐ வாண்ட் இட் தட் வே’ பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். விரல்கள் தானாகவே போயின, எப்போதோ கேட்டு உள்ளே தங்கியிருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கியவர் பல்லவி வந்ததும் பெடலை மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கினார். ட்ரம்ஸ் சேர்ந்துகொண்டது. கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி மேலே ஏறும் இடம் வந்ததும் பாடகர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிறிய அறையில் அந்தப் பாட்டு மெட்டலாகவே நின்றது. வலிந்து செய்ததாகத் தெரியவில்லை.

“பாட்டு நல்லது அக்கா. ஆனால் குழு இல்லை,” என்றார் முடித்துவிட்டு. அந்த இடத்திலிருந்து அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ரொக் நிலைப்பதும் போய் பாண்ட் நிலைப்பதும் ஒரே வழியில் அல்ல. ரொக் பாட்டு கையிலிருந்து கைக்குப் போகிறது. பதின்மூன்று வயதில் ஒருவன் கிற்றாரில் மூன்று கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, பழகுகிறான், அண்ணன் காட்டிய இடத்தில் விரலை வைக்கிறான், ஐம்பது வருடத்துக்கு முந்தைய பாட்டு அவனுடைய பாட்டாகிவிடுகிறது. போய் பாண்ட் பாட்டு ஆளோடு வளர்கிறது. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே வேகத்தில் வயதாகிறது. பிரித்தானியாவின் டேக் தட் குழு 1996 பெப்ரவரியில் கலைந்தபோது அழுத பிள்ளைகளுக்காகத் தொலைபேசி ஆலோசனை வசதி செய்ய வேண்டியிருந்தது. பத்து வருடம் கழித்து அதே குழு மறுபடி சேர்ந்தபோது அந்தப் பிள்ளைகள் சம்பளம் வாங்கும் பெண்களாக இருந்தார்கள், டிக்கெட்டைத் தாங்களே வாங்கினார்கள். எங்கள் அக்கா 2019இல் அயர்லாந்தின் வெஸ்ட்லைஃப் குழுவைப் பார்க்கச் சிங்கப்பூருக்குப் போனார், தன் வங்கிச் சம்பளத்தில், கசற்றுக்குக் காசு சேர்த்த அந்த நால்வரில் இருவரோடு. என்னுடைய கெவினுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் மற்ற நால்வரோடும் வெள்ளை உடுப்பில்தான் மேடையேறினார்.

திங்கள், போயா (பௌர்ணமி) விடுமுறை

விகாரமகாதேவிப் பூங்காவில் அக்காவின் மகளுடைய தோழிகளின் கூட்டம். ஏழு பேரில் ஒருவருடைய பிறந்தநாளை ஒட்டி, கடதாசிக் கோப்பைகளுக்கு அவருடைய படம் போட்ட உறைகள் அச்சடித்து, தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். கொரியாவில் தொடங்கிய வழக்கமாம். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள். ஒவ்வொருத்தியின் பையிலும் தன்னுடைய ஆளின் சிறிய படம் தொங்கியது. நான் கேட்கவே தேவையிருக்கவில்லை.

பி.ரி.எஸ். 2013 ஜூனில் அறிமுகமான குழு. அப்போது பெரிய கம்பனி பின்னால் இருக்கவில்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்ட் தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2022 டிசம்பரில் ஜின் என்பவரில் தொடங்கி, உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கட்டாய இராணுவ சேவைக்குப் போனார்கள். 2025 ஜூனில் கடைசி ஆளும் திரும்பினார். இரண்டரை வருடம். பதினாறு வயதுக்காரிக்கு இரண்டரை வருடம் என்பது எவ்வளவு நீளம்! இந்தப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். யார் எந்தத் தேதியில் திரும்புவார் என்ற அட்டவணையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டிருக்கிறாள் அக்காவின் மகள்.

ஒப்பந்தங்களைப் பற்றி அவர்கள் பேசியதுதான் என்னை நிறுத்தி வைத்தது. லூ பேர்ல்மன் தன் பையன்களின் உழைப்பில் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அந்த வயதில் தெரியாது. அவருடைய குழுக்கள் நீதிமன்றம் போன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. வேறொரு பெரிய மோசடிக்காக 2008இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை கிடைத்தது. சிறையிலேயே 2016இல் இறந்தார். இந்தப் பிள்ளைகளுக்கோ பாட்டைப் போலவே ஒப்பந்தமும் பாடம். கொரியாவில் டொங் பங் ஷின் கி குழுவின் மூன்று பேர் 2009இல் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டில் அரசின் நியாய வணிக ஆணையம் ஏழு ஆண்டு என்ற மாதிரி ஒப்பந்தத்தை வகுத்தது. இதை எனக்கு விளக்கியவள் தெமட்டகொடையிலிருந்து வந்த, பர்தா அணிந்த ஒரு பிள்ளை. பையன்கள் தூங்குகிறார்களா, விடுமுறை கொடுக்கிறார்களா என்று கம்பனிகளைக் கேள்வி கேட்கிற தலைமுறை. 2024 ஒக்டோபரில் வன் டிரெக்‌ஷனின் லியம் பெய்ன் 31 வயதில் புவனஸ் அயர்ஸில் விழுந்து இறந்தபோது தன் சாச்சி, அதாவது சின்னம்மா, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்றும் அவள் சொன்னாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லையாம்; அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பிள்ளை பாட்டுக்காகவே கொரிய மொழி படித்திருக்கிறாள். இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்காக அந்த மொழியைப் படிக்கிறார்கள். 2004 முதல் அரசுகளுக்கிடையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். அவளுடைய அண்ணனும் பரீட்சைக்குப் படிக்கிறார். வாசிப்பு அவருக்கு வருகிறது, கேட்டல் வருவதில்லை. ஆகவே இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை பாட்டை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் போட, அண்ணன் எழுதுகிறார். அவர் தேறினால் நான்கு வருடமும் பத்து மாதமும் அங்கே இருக்கலாம் என்று கணக்குச் சொன்னாள். எத்தனை மணி நேர வேலை, மேலதிக நேரத்துக்கு எவ்வளவு, முதலாளியை மாற்ற முடியுமா என்றெல்லாம் அண்ணனின் ஒப்பந்தத்தையும் அவள்தான் வாசிக்கப் போகிறாளாம்.

“அண்ணாவுக்கு யாரைப் பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“முதலில் ஒருவரையும் பிடிக்காது என்று சொன்னார் அன்ரி. இப்போது ஜின்.”